மேட்டூர் திறக்குமுன் விட்ட நாற்று

"ஒரு வயலுக்குப் பத்துப் பேரு. ஒம்பது பேருதான் வந்திருக்கீங்க. இன்னும் ஒரு ஆள் வரட்டும், ஒடைக்கிறேன்" என்றார் செவிலியர்.

2021 மே மாதம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வட்டத்திலிருந்து சித்தப்பா என் பக்கம் சாய்ந்து, "ஒரு வயலுக்குப் பத்துப் பேரா? நடவுக்கா, களையெடுக்கவா?" என்றார். ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பியைத்தான் வயல் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் நாலு மா நிலத்தில் உழல்கிற மனுஷனுக்கு அந்தச் சொல்லைச் சும்மா விட மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் 'ஸ்டாக் இல்லை' என்ற அட்டையைப் பார்த்துத் திரும்பியிருந்தோம். மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள்; போட மருந்து இல்லை. பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்த நேரத்தில் சித்தப்பா கேட்டார்: "ஏம்ப்பா, கம்பெனிக்காரன் ராவும் பகலும் மிஷினை ஓட்டுனா ஆவாதா? நம்மூரு ரைஸ் மில்லே மூணு ஷிப்டு ஓடுதே."

அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கேள்வி மட்டும் கூடவே வந்தது. பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, பதிலில் பாதி அவருக்கே தெரியும். வேளாண்மைத் துறைக்கு விதைப்பண்ணை போட்டுக் கொடுத்தவர் அவர். தடுப்பூசி ஆலை ரைஸ் மில் மாதிரி இல்லை, நாற்றங்கால் மாதிரி.

உவமைக்காகச் சொல்லவில்லை. தடுப்பூசிக்காரர்கள் பேசுவதே விதைக் கணக்கில்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருகிற வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை. அதைப் பெருக்கினால் ஆதார விதை, வெள்ளை அட்டை. அதையும் பெருக்கினால் சான்று விதை, நீல அட்டை. நம் கைக்கு வருவது இதுதான். அறுத்த நெல்லையே திரும்பத் திரும்ப விதைத்துக்கொண்டு போனால் நாலைந்து போகத்தில் கலவன் ஏறிவிடும். அதனால்தான் மேலே இருக்கிற விதையைத் தொடாமல் காப்பாற்றி, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கீழே இறங்கி வருகிறார்கள். தடுப்பூசி ஆலையிலும் இதே ஏற்பாடு. மூத்த விதை ஒன்று. அதிலிருந்து எடுத்த வேலை விதை ஒன்று. ஆலை எத்தனை வருஷம் ஓடினாலும் உற்பத்தி வேலை விதையிலிருந்துதான் தொடங்கும். அது தீர்ந்தால் மூத்த விதையிலிருந்து அடுத்த செட். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் பட்ட பாடு கற்றுக்கொடுத்த முறை இது. வைரஸை ஒரு வளர்ப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே போனதில் அதன் குணம் மாறி, 1940-களின் தொடக்கத்தில் பிரேசிலில் ஊசி போட்டவர்கள் சிலருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. தடுப்பூசியிலும் கலவன் ஏறும் என்று அப்போதுதான் உறைத்தது.

வைரஸ் தானாக வளராது, அதற்கு ஒரு நிலம் வேண்டும். கோவாக்சினுக்கு அந்த நிலம் வீரோ செல்கள். 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை, இன்றுவரை உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. சின்னச் சின்னக் குப்பிகளில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறங்குகிற இந்தச் செல்களுக்கும் மூத்த சேமிப்பு, வேலைச் சேமிப்பு என்று இரண்டு அடுக்கு உண்டு. கோவிஷீல்டுக்கு நிலம் வேறு, ஒரு மனிதச் செல் வரிசை.

சித்தப்பா கேட்ட வேகத்துக்கு வருவோம். ஒரு குப்பியில் ஒரு கோடி செல் இருக்கிறது என்று வையுங்கள். 2,000 லிட்டர் தொட்டியில் மில்லிலிட்டருக்கு 20 லட்சம் செல் வேண்டும் என்றால் மொத்தம் 4 லட்சம் கோடி செல். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி அந்த எண்ணிக்கையைத் தொட ஏறக்குறைய 19 தடவை இரட்டிக்க வேண்டும். நாளுக்கு ஒரு தடவை இரட்டித்தாலும் 19 நாள். குப்பியை நேராகப் பெரிய தொட்டியில் கவிழ்க்கவும் முடியாது. இடம் அதிகமாகி, செல் அருகிப்போனால் அவை தழைக்காது. சிறு குடுவை, பெரிய குடுவை, 20 லிட்டர், 200 லிட்டர் என்று படிப்படியாக மாற்றி நட வேண்டும். நாற்றங்காலில் முளைவிட்ட மூணாம் நாளே பிடுங்கி நட முடியுமா? மோட்டாரை இரட்டை வேகத்தில் ஓட்டினால் தண்ணீர் வேகமாகப் பாயும், நாற்று வேகமாக வளராது.

வீரோ செல்லுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. அது மிதந்துகொண்டு வளராது. ஒட்டிக்கொள்ள ஒரு தரை வேண்டும். தரை நிரம்பிவிட்டால் பெருகுவதை நிறுத்திவிடும். அந்தக் காலத்தில் இதற்காக ஆயிரக்கணக்கான கண்ணாடிப் புட்டிகளைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒரு தந்திரம் வந்தது. கண்ணுக்குத் தூசியாகத் தெரிகிற, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பருமன் உள்ள உருண்டைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, செல்களை அவற்றின் மேல் குடியேற்றுவது. ஒரு கிராம் உருண்டையின் மேற்பரப்பைக் கூட்டினால் சுமார் 4,400 சதுர சென்டிமீட்டர், அதாவது நாலே முக்கால் சதுர அடி. ஒரு கிராம் தூசியில் ஒருவர் சம்மணமிட்டு உட்காரும் இடம். நிலத்தை அடுக்கடுக்காகச் சுருட்டிக் குடத்துக்குள் வைத்த மாதிரி! உற்பத்தியை வேகப்படுத்தியதில் இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயங்களின் பங்கு பெரிது. எஃகுத் தொட்டிக்குப் பதில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் பை வந்ததும் அப்படித்தான். தொட்டியைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, கிருமி இல்லை என்று நிரூபிக்கிற நாள்கள் மிச்சம். ஆனால் அந்தப் பையும் வடிகட்டியும் அமெரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. 2021 ஏப்ரலில் கோவிஷீல்டைத் தயாரித்த புனே சீரம் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அமெரிக்க அதிபருக்கே ட்விட்டரில் வேண்டுகோள் வைத்தது இந்த மூலப்பொருள்களுக்காகத்தான்.

சரி, விதை இருக்கிறது, நிலம் இருக்கிறது. அப்புறம் எங்கேதான் நாளை மிச்சம் பிடிப்பது?

டெல்டாவில் இதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்த பிறகுதான் விதைப்பேன் என்று உட்கார்ந்தால் குறுவை பிந்தும். அறுப்பு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். ஆகவே போர்வெல் உள்ளவர்கள் மே மாதமே போர்த் தண்ணீரில் நாற்று விட்டுவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் வந்தவுடன் பிடுங்கி நட வேண்டியதுதான். வராவிட்டால் நாற்று முற்றிப்போகும், விதையும் டீசலும் உரமும் நட்டம். 2012-ல் செப்டம்பர் 17-ல்தான் அணை திறந்தது. அந்த வருஷம் நாற்று விட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கொரோனாக் காலத்தில் தடுப்பூசி வேகமாக வந்ததன் ரகசியம் இதுதான், இதைவிடப் பெரிய ரகசியம் ஏதும் இல்லை என்பது என் எண்ணம். வழக்கமான முறையில் ஆய்வகம், விலங்குச் சோதனை, மனிதச் சோதனை மூன்று கட்டம், அனுமதி, அதற்குப் பிறகே ஆலை. ஒன்று முடிந்து அடுத்தது. 2020-ல் மனிதச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. சோதனையில் தேறாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்கு. கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் இந்தியாவில் அவசர அனுமதி கிடைத்தது 2021 ஜனவரி 3. அன்றைக்கே சீரம் நிறுவனத்தின் குளிர்கிடங்கில் சுமார் 5 கோடி டோஸ் தயாராக இருந்தது. மேட்டூர் திறக்குமுன் விட்ட நாற்று அது.

நாற்று விட்டவன் நட்டத்தை யார் தலையில் போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்க அரசு 2020 மே மாதமே தனியாக ஒரு திட்டம் போட்டு, தேறுமா தேறாதா என்று தெரியாத பல தடுப்பூசிகளுக்குக் கோடி கோடியாக முன்பணம் கொடுத்தது. இந்திய அரசு 2021 ஜனவரியில் வைத்த முதல் ஆர்டர் கோவிஷீல்டு 1.1 கோடி, கோவாக்சின் 55 லட்சம். நாட்டில் மக்கள் 130 கோடிக்கு மேல். ஆலைகளைப் பெரிதாக்க சுமார் 4,500 கோடி ரூபாய் முன்பணம் என்ற முடிவு வந்தது ஏப்ரலில். அதற்குள் இரண்டாம் அலை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே குப்பி வெளியே வந்துவிடாது. 2021 மே மாதக் கடைசியில் கோவாக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் வெளிப்படையாகவே ஒரு கணக்குச் சொன்னது. ஒரு தொகுதி கோவாக்சின் தயாரிக்கத் தொடங்கி, சோதித்து, ஊருக்கு வந்து கையில் ஏற சுமார் 120 நாள். குறுவை நெல்லுக்கு ஆகிற 110 நாளைவிடக் கொஞ்சம் அதிகம். மே மாதம் வேப்பமரத்தடியில் நாங்கள் காத்திருந்த மருந்துக்கு ஜனவரியில் விதைத்திருக்க வேண்டும்!

அந்த 120 நாளில் செல் வளர்வதும் வைரஸ் பெருகுவதும் ஒரு பகுதிதான். பெருகிய வைரஸைக் கொன்றாக வேண்டும். ஒன்றுகூட உயிரோடு இல்லை என்பதைக் காட்ட, கொன்றதை மறுபடி மறுபடி புதுச் செல்களில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வேறு கிருமி எதுவும் முளைக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கு மட்டும் 14 நாள். இதையெல்லாம் அவசரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை அவசரமாக இறக்கியபோது, கட்டர் என்ற நிறுவனத்தின் சில தொகுதிகளில் வைரஸ் முழுதும் சாகாமல் இருந்தது. சுமார் 200 பேருக்குக் கை கால் செயலிழந்தது, 10 பேர் இறந்தார்கள்.

சித்தப்பா விதை ஊறப்போடுவதைச் சின்ன வயதில் பக்கத்தில் குந்திப் பார்த்திருக்கிறேன். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, ஒரு கோழிமுட்டையைப் போடுவார். முட்டை அடியில் போய்ப் படுக்கும். கல்லுப்பைக் கையளவு கையளவாகப் போட்டுக் கலக்குவார். முட்டை மெல்ல எழுந்து, தண்ணீருக்கு மேல் நாலணா அளவு தலை காட்டுகிறவரை உப்பு. அப்புறம் முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டுவார். பதரும் பாதி முற்றியதும் மேலே மிதக்கும். அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி ஊறவைப்பார். அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேர வேலை. அவசரம் என்று அதை விட்ட வருஷம் நான் பார்த்ததே இல்லை.

சோதனையில் நாளைக் குறைக்க நியாயமான வழி, சோதனையை விடுவதல்ல, பக்கவாட்டில் நடத்துவது. ஆலையும் அரசு ஆய்வகமும் ஒரே நேரத்தில் சோதிக்கலாம். அரசு ஆய்வகம் என்றால் இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் ஒன்றே ஒன்று என்றிருந்த நிலையில், 2021 ஜூன் கடைசியில் புனேயில் ஒன்றும் அடுத்து ஹைதராபாத்தில் ஒன்றும் சேர்த்தார்கள்.

மருந்துத் திரவம் தயாரான பிறகும் காத்திருப்பு உண்டு. அதற்கும் நம் பக்கம் ஒரு காட்சி இருக்கிறது. அறுப்பு முடிந்து, நெல்லைக் கொண்டுபோய் நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்துக் கிடப்பது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். ஈரம் சரியாக இருந்தால் சாக்கு இருக்காது. சாக்கு வந்தால் லாரி இருக்காது. கதிர் நன்றாக விளைந்த வருஷத்தில்தான் இந்தத் தவிப்பு அதிகம். பெரிய தொட்டியில் தயாரான தடுப்பூசித் திரவத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். அதைக் கிருமியே இல்லாத அறையில் குப்பிகளில் நிரப்பி, ரப்பர் மூடி வைத்து, அலுமினியத் தொப்பி நசுக்கி, ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பார்த்து, அட்டை ஒட்டி, 2 முதல் 8 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும். சூடும் குளிரும் தாங்குகிற, மருந்தோடு வினை புரியாத தனி வகைக் கண்ணாடி அது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அந்தக் கண்ணாடியைக் கேட்டதால், 2020-ல் பல நாடுகள் தடுப்பூசி வருவதற்கு முன்பே குப்பி வாங்கி அடுக்கின. ஒரு குப்பியில் ஒரு டோஸ் என்பதற்குப் பதில் பத்து டோஸ் நிரப்புவதும் இந்தச் சாக்குப் பஞ்சத்துக்கான வழிதான். அதன் கடைசி முனையில்தான் நாங்கள் ஒன்பது பேர் பத்தாவது ஆளுக்காக உட்கார்ந்திருந்தோம். திறந்த குப்பியை நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் அண்டா முட்டையை நினைத்தால் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1957-ல் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ வந்தபோது, இந்தியாவுக்குள் அது நுழைந்தது மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில். நம் ஆள்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்துகொண்டிருந்த அதே கடல்வழி. அந்த ஏப்ரலிலேயே அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் ஹில்மன் ஹாங்காங்கில் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சல் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கிருமியை வரவழைத்துப் பார்த்து, இது புதுசு என்று கண்டுகொண்டார். உடனே தடுப்பூசி நிறுவனங்களுக்கு மாதிரியை அனுப்பியதோடு, கோழிப் பண்ணைக்காரர்களிடம் சேவல்களை அறுத்துவிடாதீர்கள் என்று சொல்லச் சொன்னார். ஃப்ளூ தடுப்பூசிக்கான வைரஸ் வளர்வது கருக் கூடிய முட்டைக்குள். சேவல் இல்லாமல் கரு ஏது? ஒரு டோஸுக்கு ஏறக்குறைய ஒரு முட்டை. அந்த இலையுதிர் காலத்துக்குள் சுமார் 4 கோடி டோஸ் வந்தது. நாமக்கல்லில் கோடிக்கணக்கில் முட்டை இருக்கிறதே என்று நினைத்துவிட வேண்டாம். சேவலே பார்க்காத கோழி இடுகிற அந்த முட்டை ஆம்லெட்டுக்கு உதவும், தடுப்பூசிக்கு உதவாது.

ஹில்மன் சேவலைப் பற்றி யோசித்த நேரம்தான் முக்கியம். 2009 பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவிலேயே தயாரித்த தடுப்பூசிகள் கடைக்கு வந்தது 2010 ஜூனிலும் ஜூலையிலும். ஆகஸ்ட் 10-ல் கொள்ளைநோய் முடிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. கதிர் அறுத்த வயலில் தண்ணீர் பாய்ச்சிய கதை.

நாற்றங்காலே வேண்டாம் என்றால்? நேரடி விதைப்புக்காரர்கள் இதைச் செய்கிறார்கள், தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் அதைத்தான் செய்கிறது. அதில் வைரஸை வளர்ப்பதில்லை. வைரஸின் மேல்முள்ளை எப்படிச் செய்வது என்ற குறிப்பை மட்டும் எழுதி நம் உடம்புக்குள் அனுப்பிவிட்டால், நம் செல்களே முள்ளைச் செய்து பார்த்துப் பழகிக்கொள்ளும். குறிப்பை நகலெடுக்க ஒரு நொதி போதும், வேலை மணிக்கணக்கில் முடியும். 2020 ஜனவரி 11 வாக்கில் வைரஸின் மரபு வரிசை வெளியானது. மார்ச் 16-ல் மாடர்னா நிறுவனத்தின் ஊசி முதல் ஆளின் கையில் ஏறிவிட்டது. அளவும் மிகச் சிறிது. ஃபைசர் ஊசியில் ஒரு டோஸுக்கு 30 மைக்ரோகிராம். தமிழ்நாட்டில் 8 கோடிப் பேர் என்று வைத்து ஆளுக்கு இரண்டு டோஸ் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 கிலோ 800 கிராம். ஐந்து கிலோ அரிசிப் பையில் மொத்தத் தமிழ்நாடும் அடங்கிவிடும்! ஆனால் நேரடி விதைப்பில் களை வருவது மாதிரி இதற்கும் ஒரு தொல்லை. ஆர்.என்.ஏ. தொட்டால் சிதைகிற பொருள். அதைச் சுற்றிக் கொழுப்புருண்டை கட்ட வேண்டும், அந்தக் கொழுப்பை உலகில் சில நிறுவனங்களே செய்தன. முதலில் வந்தவற்றுக்கு உறைகுளிரும் வேண்டியிருந்தது. சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கக்கூடிய ஒன்றைப் புனேயின் ஜென்னோவா கொண்டுவந்து அனுமதி வாங்கியது 2022 ஜூன்.

கோவிஷீல்டின் வேகத்துக்கு வேறு காரணம். ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா நோய்க்காக அதே சுமைவண்டி வைரஸை வைத்து ஏற்கெனவே உழைத்திருந்தார்கள். 2020-ல் வண்டி அதே வண்டி, சரக்கை மட்டும் மாற்றினார்கள். நெல்லிலும் இப்படி நடந்ததுண்டு. சிஆர் 1009 நெல்லை நாம் காலங்காலமாக நட்டுப் பழகியிருந்தோம். மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்குகிற சப் 1 என்ற மரபுத் துண்டை மட்டும் அதில் சேர்த்துக் கொடுத்தார்கள். நாற்று விடும் பக்குவம், உரக் கணக்கு, அறுப்பு நாள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கொள்ளைநோய்க்கு வேகம் வேண்டும் என்பவர்கள் இன்று பெரும்பாலும் இந்த வழியைத்தான் நம்புகிறார்கள். சேப்பி என்ற பன்னாட்டு அமைப்பின் இலக்கு, மரபு வரிசை தெரிந்த நாளிலிருந்து 100 நாளில் தடுப்பூசி. கொரோனாவுக்கு ஆனது 326 நாள். குறுவையைவிடக் குறுகிய பயிர் கேட்கிறார்கள்.

நெல்லையே ஆலையாக்கினால் என்ன என்றும் ஒருவர் யோசித்திருக்கிறார். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கியோனோவின் குழு, காலரா நச்சின் தீங்கில்லாத பகுதி அரிசிக்குள் விளைகிற மாதிரி ஒரு நெல்லை உருவாக்கியது. அரிசியை மாவாக்கி, நீரில் கலந்து குடித்தால் போதும். ஊசியும் இல்லை, குளிர்பெட்டியும் இல்லை. முதல் கட்ட மனிதச் சோதனை முடிவு 2021-ல் வெளிவந்தது. காலராவால் பட்ட பாட்டை மறக்காத காவிரிக்கரைக்காரனுக்கு இதைப் படிக்கையில் ஒரு துள்ளல் வரும். ஆனால் அவசரத்துக்கு இது உதவாது. தடுப்பூசி நெல்லும் கதிர் முற்றியே ஆக வேண்டும்.

விதையைக் கொடுத்தால் மட்டும் விளைந்துவிடாது என்பதை 2021 கோடை நன்றாகக் காட்டியது. கோவாக்சின் தொழில்நுட்பத்தை மும்பை ஹாஃப்கைன், ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், புலந்த்ஷஹர் பிப்கால் ஆகிய நிறுவனங்களுக்குக் கொடுப்பதாக ஏப்ரலில் அறிவித்தார்கள். ஆனால் அதற்கு உயிருள்ள கொரோனா வைரஸைத் தொட்டி தொட்டியாகக் கையாளுகிற உயர் பாதுகாப்புக் கூடம் வேண்டும். அது ஒரு பருவத்தில் எழும்பாது. பாரத் பயோடெக்கே பெங்களூருவில் தொடங்கிய புது ஆலையின் முதல் சில தொகுதிகள் தரத்தில் தேறவில்லை. அதே விதை, அதே செய்முறைதான். பத்துப் பேருக்குச் சாம்பார் வைக்கிறவரை ஆயிரம் பேர் பந்திக்கு அண்டா முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது கல்யாண வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய தொட்டியில் கலக்குகிற வேகம் கொஞ்சம் கூடினால் செல் கிழியும், குறைந்தால் மூச்சுக்காற்று எட்டாது. இந்தப் பக்குவம் காகிதத்தில் ஏறாது. தினம் செய்கிற கையில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கை இருந்தது என்பதை நினைத்தால்தான் ஆற்றாமை. கிண்டி கிங் நிலையம் 1899-ல் தொடங்கியதே கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் எடுப்பதற்காகத்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது. கிண்டியில் காசநோய்த் தடுப்பூசிக்கு 1948 முதல் தனி ஆய்வகம். 2008 ஜனவரியில் குன்னூர் நிறுவனம், கிண்டிக் காசநோய்த் தடுப்பூசி ஆய்வகம், கசௌலியின் அரசுத் தடுப்பூசி நிலையம் மூன்றின் தயாரிப்பு உரிமத்தையும் தரவிதிப்படி இல்லை என்று ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். தரவிதி நியாயம். பழுது பார்க்க ஏரியின் மதகை மூடுவது சரிதான். மூன்று ஏரியையும் ஒரே கோடையிலா மூடுவது? நாட்டுக்குத் தேவையான குழந்தைத் தடுப்பூசியைத் தனியாரிடம் வாங்க வேண்டியதாயிற்று. 2010 பிப்ரவரியில் தடையை நீக்கினார்கள். அதற்குள் இரண்டு வருஷக் கைப்பழக்கம் போயிருந்தது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் செங்கல்பட்டு. திருமணி கிராமத்தில் 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2012-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பொதுத்துறையின் எச்.எல்.எல். பயோடெக் நடத்த வேண்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். ஆண்டுக்கு 58 கோடி டோஸுக்கு மேல் தயாரிப்பது திட்டம். கட்டடம் எழும்பியது, இயந்திரம் வந்தது. 2021 மே மாதம் மாநில அரசு 3.5 கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டு ஒருவரும் வராமல் தவித்தபோது, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் அந்த வளாகம் ஒரு குப்பிகூடத் தயாரிக்காமல் நின்றிருந்தது. மே 25-ல் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். குத்தகைக்குத் தாருங்கள், மாநிலமே நடத்திக்கொள்கிறது என்று பிரதமருக்கு எழுதினார். நடத்த ஒரு தனியார் கூட்டாளியைத் தேடி விட்ட டெண்டரிலும் ஏலம் கேட்க ஆள் வரவில்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கட்டடத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ கேட்கவில்லை. "சும்மா கெடந்த வருஷத்துல அங்க என்ன பயிர் வெச்சாங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "கொள்ளைநோய் எப்பவோ ஒருதரம் வருது. அது வராத வருஷத்துல கக்குவானுக்கோ நாய்க்கடிக்கோ எதையாவது போட்டுக்கிட்டே இருந்திருக்கணும்ல. தரிசாப் போட்ட நெலத்துல ஒரே நாள்ல நாத்து வுட முடியுமா?" நான் பத்துக் கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

பத்தாவது ஆள் அன்றைக்கு வந்தார். பருத்தி எடுத்துவிட்டு, மடியில் ஒட்டிய பஞ்சுகூடத் தட்டாமல் ஓடிவந்த ஒரு அக்கா. செவிலியர் குப்பியின் தொப்பியைக் கட்டைவிரலால் தட்டித் திறந்து, ஒவ்வொரு ஊசியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அரை மில்லி பார்த்து எடுத்தார். பத்துப் பேருக்கும் போட்டு முடித்தும் அடியில் கொஞ்சம் நின்றது. குப்பியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த தபால்காரரைக் கூப்பிட்டார்.

அந்த வருஷம் ஜூன் 12-ல் அணை திறந்தது. சித்தப்பா மே மாதமே விட்ட நாற்று நடவுக்குச் சரியாக வந்தது. 2023-லும் விட்டார், அணை சொன்ன நாளில் திறந்தது, ஆனால் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராமல் நட்ட பயிர் காய்ந்தது. 2024-லும் விட்டார். அணை திறந்தது ஜூலை 28. அதற்குள் நாற்று கணுவிட்டு முற்றிப்போய், அறுத்து மாட்டுக்குப் போட்டார். 2025 மே கடைசியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஈரச் சாக்குக்கு அடியில் விதை முளை கட்டியிருந்தது. பக்கத்து அண்டாவில் உப்புத் தண்ணீர். அதில் முட்டை மிதந்துகொண்டிருந்தது.